எலிப் பென்சனியர்

அம்மான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஆட்களின் முகத்தைப் பார்க்கமாட்டார். சுவரடியைத்தான் பார்ப்பார். வீட்டுக்காரர் "வாங்கோ, இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, இவர் குடை நுனியால் மூலையைக் கிளறிக்கொண்டு நிற்பார். கலியாண வீடானாலும் சரி, செத்தவீடானாலும் சரி, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஒருமுறை ஒரு செத்தவீட்டில் பெண்கள் ஒப்பாரி சொல்லி அழுதுகொண்டிருந்த நேரம், தலைமாட்டில் எரிந்த குத்துவிளக்கடியில் குனிந்து எதையோ விரலால் எடுத்தார். ஏதோ மரியாதை செய்கிறாராக்கும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து, "சுண்டெலிப் புழுக்கை. இண்டைக்குப் போட்டது, இன்னும் காயேல்லை" என்றார். அழுதுகொண்டிருந்த ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவளைத்தான் பிறகு ஊர் ஏசியது.

ஊரில் அவருக்கு எலிப் பென்சனியர் என்று பெயர். முகத்துக்கு நேரே "பென்சனியர் ஐயா". ஒழுங்கை மூலை திரும்பினால் எலி. அவருடைய சொந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. நல்ல சாமிப் பெயர்தான். அதை எழுதினால் எனக்கு மனம் கொஞ்சம் இளகிவிடும். இளக எனக்கு விருப்பமில்லை.

அவர் என் அம்மாவின் தமையன். மலாயாவில் சுகாதாரக் கந்தோரில் கிளாக்கராக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர். அந்தக் காலத்தில் சுன்னாகத்தைச் சுற்றி எந்த ஊரிலும் நாலைந்து மலாயாப் பென்சனியர்கள் இருப்பார்கள். ஒருவர் கிராமபோன் கொண்டுவந்தார். ஒருவர் பிரம்புக் கதிரைகள் கொண்டுவந்தார். இன்னொருவர் வந்த கையோடு கோயில் வழக்கொன்றைத் தொடங்கி, அதிலேயே கண்ணை மூடினார். எங்கள் அம்மான் கொண்டுவந்தது எலிப்பொறிகள். கம்பிக்கூட்டுப் பொறி, வில்லுப் பொறி, பலகை விழும் பொறி என்று ஒரு பெட்டி நிறைய. "உதுக்கோ மனுசன் கடல் தாண்டிப் போனது?" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

கந்தோரில் அவருடைய வேலை என்ன என்று கேட்டால், "எலிக்கணக்கு" என்பார். கொள்ளைநோய்ப் பயத்தில் தெருத்தெருவாகச் செத்த எலிகளைத் தகரப் பேணிகளில் கொண்டுவருவார்களாம். எந்தத் தெரு, எந்த வீடு, என்ன சாதி எலி என்று இவர் எழுதவேண்டுமாம். ஆயுள் முழுக்க அதைச் செய்தவருக்கு வேறு என்ன கண்ணில் படும்? வெள்ளைக்காரன் சம்பளத்தை நிற்பாட்டினானே தவிர, வேலையை நிற்பாட்டச் சொல்ல மறந்துவிட்டான்.

அவருக்குத் தெரியாதது என்று அந்த விஷயத்தில் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். "புழுக்கை ரெண்டு பக்கமும் கூராய், கருஞ்சீரகம் மாதிரிக் கிடந்தால் சுண்டெலி. தடிச்சு, மொட்டையாய்க் கிடந்தால் பெரிய எலி. ஒண்டையும் காணேல்லை, நாற்றம் மட்டும் மூக்கிலை அடிக்குதெண்டால் மூஞ்சூறு. மூஞ்சூறை அடிக்கக்கூடாது பிள்ளை, அது கரப்பான் தின்னுற நல்ல சீவன்." இதையெல்லாம் அவர் எனக்கு விளக்கிச் சொன்னது நான் புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. காதில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருப்பார். சுவரில் ஒரு ஓட்டையைக் கண்டால் பென்சிலை விட்டுப் பார்ப்பார். பென்சில் போனால் சுண்டெலி போகும். அதுதான் அவருடைய சட்டம். உடனே போத்தல் கண்ணாடியை இடித்துச் சீமெந்தில் குழைத்து அடைத்துவிடுவார். பூனையை அவர் நம்பியதில்லை. "வயிறு நிரம்பினால் பூனை நித்திரை கொள்ளும். சீமெந்து நித்திரை கொள்ளாது" என்பார்.

வெள்ளிக்கிழமையில் பொறி வைக்கவேண்டாம், அது பிள்ளையாரின் வாகனமல்லவா என்று மாமி கேட்டுப் பார்ப்பாள். "வாகனமெண்டால் கோயில் வாசலிலை கட்டி வைக்கட்டும். என்ரை அரிசிப் பேணிக்குள்ளை ஏன் கொண்டுவந்து விடுறார்?" என்பார் அம்மான். மாமி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

மாமியின் சிரிப்பு ஒரு தனிச் சிரிப்பு. சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். சத்தமாகச் சிரித்தால் அவளுக்கு இருமல் வரும், இருமினால் முட்டு இழுக்கும். அவள் வீட்டுக் கூரையைத் தொட்டுக்கொண்டு ஒரு மாங்கொப்பு நின்றது. மாவில் பூ கொழித்திருந்த நேரம் பார்த்து அம்மான் அதைத் தறிப்பித்தார்.

"கூரையிலை கொப்பு முட்டினால் அணில் வரும், எலி வரும். வேறை என்ன வரும்?" என்றார்.

"மாம்பழம் வரும்" என்றாள் மாமி.

அவள் அவரை எதிர்த்துச் சொன்ன பெரிய பேச்சென்று எனக்கு ஞாபகம் இருப்பது அதுதான்.

எனக்கு ஒரு சம்பந்தம் பேசி, கோப்பாயில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோதும் அம்மானைக் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். தாய்மாமன் இல்லாமல் போகலாமோ? தட்டில் பயத்தம் பணியாரம் வந்தது. இவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உந்த மூலையிலை பல்லுப் பட்டுக் கிடக்கு" என்று மாப்பிள்ளையின் தாயாரிடமே நீட்டினார். அதோடு விட்டாரா? "சாமான் அறையை ஒருக்கால் பார்க்கலாமோ?" என்றும் கேட்டுவிட்டார். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. அந்த மாப்பிள்ளை பிற்காலத்தில் குடித்துக் குடித்துக் காணி பூமியெல்லாம் அழித்தான் என்று கேள்வி. அந்த மட்டில் கோப்பாய் எலிக்கு நான் கடமைப்பட்டவள்தான்.

இதெல்லாம் சிரிக்கிற கதைகள். இனிச் சொல்லப்போவது சிரிக்கிற கதை அல்ல.

பாட்டனின் வளவை இரண்டாக்கித் தெற்குப் பாதியை அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்தார்கள். வடக்குப் பாதி அம்மானுக்கு. நடுவில் பூவரசங் கதியால் நட்டுத் தென்னோலைக் கிடுகால் அடைத்த வேலி. அந்த வேலியில் எங்கள் கிணற்றடிக்கு நேரே ஒரு பொட்டு இருந்தது. வேலியில் ஒரு ஆள் குனிந்து போய்வரக்கூடிய வழியைத்தான் நாங்கள் பொட்டு என்போம். ஆண்கள் முன்வாசல் படலையால் வெளிக்கிட்டு, ஒழுங்கையைச் சுற்றி, அடுத்த படலையால் வருவார்கள். பெண்களுக்குப் பொட்டுத்தான் தெரு. அதற்குள்ளால் நெருப்புத்தணல் போகும், கறி வரும், ஊர்க்கதை போகும், கண்ணீரும் வரும். அம்மாவும் மாமியும் ஒரு தேங்காயைப் பாதி பாதியாகத் துருவிக் கறி வைத்தவர்கள். மச்சாள்மாரென்று சொல்வது முறைக்குத்தான். பார்த்தவர்கள் கூடப்பிறந்த சகோதரிகள் என்றே நினைப்பார்கள்.

மாமிக்கு அந்தப் பொட்டு வெறும் வழி மட்டுமில்லை. மாரி தொடங்கினால் அவளுக்கு முட்டு வரும். மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. கூப்பிடவும் குரல் இருக்காது. அப்போது கரண்டியை எடுத்துச் செம்புக்குடத்தில் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா செய்கிற வேலையைப் போட்டது போட்டபடி விட்டுப் பொட்டால் ஓடுவாள். மாமியைப் படுக்கவிடாமல் நிமிர்த்தி, பின்னால் இருந்து தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, சூடாக்கிய நல்லெண்ணெயை முதுகில் தேய்ப்பாள். ஆடாதோடைக் கசாயத்தைக் கரண்டி கரண்டியாகப் பருக்குவாள். "விடுங்கோ மச்சாள், மெல்ல விடுங்கோ, அவசரமில்லை" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள். எவ்வளவு நேரமானாலும் மூச்சுத் திரும்பும்வரை கையை எடுக்கமாட்டாள். இதை நான் எத்தனையோ மாரியில் பார்த்தேன். அம்மானும் பார்த்தவர்தான்.

அவர் மாமியில் அன்பில்லாதவர் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் எனக்குக் கோபப்படுவது சுகமாக இருக்கும், ஆனால் அது பொய். மலாயாவில் அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை இருந்து, நடக்கத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அந்தக் கிழமை அவர்களுடைய குவாட்டர்ஸ் குசினியில் ஒரு செத்த எலி கிடந்ததாம். ஊரில் உள்ள எலியையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த தகப்பன், தன் வீட்டு எலியைக் காணவில்லை.

"டொக்டர் அது வேறை காய்ச்சலெண்டுதான் சொன்னவர், பிள்ளை" என்று மாமி ஒரு நாள் பொட்டடியில் நின்று எனக்குச் சொன்னாள். "இவர் கேட்டால்தானே. அண்டைக்குக் குனிஞ்ச மனுசன், இன்னும் நிமிரேல்லை."

அந்தப் பிள்ளையின் உடுப்புகளை ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிக் கப்பலில் கொண்டுவந்திருந்தார்கள். அது சாமான் அறையில், சுவரோடு ஒட்டி இருந்தது. மாமிக்குக்கூட அதைத் திறக்க அனுமதியில்லை. நகர்த்தவும் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் அம்மான் தன் சால்வையால் அதன் மூடியைத் துடைப்பார்; துடைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். வீடு முழுக்க உருட்டிப் பிரட்டி எலி தேடியவர், அந்தப் பெட்டியை மட்டும் அசைத்ததில்லை.

நான் சொல்லவந்த வருடம், ஐப்பசி மழை முந்திக்கொண்டது. தோட்டங்களில் தண்ணீர் நின்றால் வெளியில் இருக்கிற எலி வீடு தேடி வரும். அம்மான் சாமான் அறையில் அரிசிப் பேணிகளுக்குப் பின்னால் ஒரு எலிக்கூட்டைக் கண்டுபிடித்தார். அதைக் குலையாமல் சுளகில் எடுத்துக்கொண்டு ஒழுங்கையைச் சுற்றி எங்கள் முற்றத்துக்கு வந்தார். கிடுகுத் தும்பும் கடதாசியுமாக இருந்த அந்தக் கூட்டுக்குள்ளே நீல நிறத்தில் துணிச்சிராய்கள் தெரிந்தன.

"தங்கச்சி, உது ஆற்றை துணி?" என்றார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "எங்கடை பிள்ளையின்ரை பழைய தாவணி போலை கிடக்கு. ஏன் அண்ணை?"

"என்ரை வீட்டு எலி உன்ரை வீட்டுத் துணியிலை கூடு கட்டியிருக்கு. அப்ப எலி எங்கையிருந்து வருகுது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மான், அதை நான்தான் மாமியிட்டைக் குடுத்தனான். அடுப்படிப் பிடிதுணிக்கு வேணுமெண்டு கேட்டவ" என்றேன்.

மாமியும் பொட்டடியில் வந்து நின்று, "ஓம், நான்தான் வாங்கினனான். இஞ்சை குசினியிலைதான் கிடந்தது, பேந்து காணேல்லை" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவர் சுளகையும் பார்த்தார், பொட்டையும் பார்த்தார். "கையாலை வந்ததோ, எலியின்ரை வாயாலை வந்ததோ, வந்தது உந்தப் பொட்டாலை. அது திறந்து கிடக்குமட்டும் நான் வீட்டுக்குள்ளை என்ன செய்தும் பிரயோசனமில்லை" என்றார்.

"மாரி வருகுது அண்ணை. மச்சாளுக்கு முட்டு வந்தால் நான் எப்பிடி வாறது?" என்று அம்மா கேட்டாள்.

"ஒழுங்கையாலை வரலாம்தானே?" என்றார் அம்மான்.

அடுத்த நாளே சுன்னாகத்திலிருந்து தகரமும் முள்ளுக்கம்பியும் வந்து இறங்கின. பொட்டுக்குக் குறுக்கே தகரத்தை நிறுத்தி, அடியை மண்ணுக்குள் இறக்கிப் புதைத்து, இரண்டு பக்கக் கதியால்களிலும் ஆணி அடித்தார். மேலே முள்ளுக்கம்பி. கூலிக்கு வந்தவன் அடித்த ஆணியில் திருப்திப்படாமல் தானே சுத்தியலை வாங்கி அடித்தார். வேலியின் மறுபக்கம் மாமி நின்றாள். அவளுடைய முகம் கிடுகு இடுக்கால் கொஞ்சம் தெரிந்தது. "மாரி கழியட்டும், இஞ்சாருங்கோ. மாரி கழிஞ்சு அடையுங்கோவன்" என்றாள். "மாரிக்குத்தான் எலி வாறது" என்றார் அவர். அந்தப் பதிலில் பிழை பிடிக்க முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

படலைக்கும் அடியில் தகரம் வைத்து, ஆட்கள் திறந்தபடி விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ஆமைப்பூட்டும் போட்டார். வெளியே போகும்போது பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். உள்ளே மனைவி இருக்கிறாளே என்று அப்பா ஒரு தரம் கேட்டதற்கு, "அவளுக்கு வெளியிலை என்ன அலுவல்?" என்றாராம்.

பொட்டை அடைத்தும் எலி குறையவில்லை. பேணி மூடியில், விளக்குமாடத்தில், எல்லா இடத்திலும் கருஞ்சீரகம். அப்போதாவது யோசித்திருக்கலாம், உள்ளே எங்கேயோ இருக்கிறதென்று. இன்னும் கொஞ்சம் தகரம் வாங்கி வேலி நீளத்துக்கும் அடித்தார். எங்கள் பக்கம் நின்று பார்த்தால் வேலி ஒரு மறியல்வீட்டு மதில் போலத் தெரிந்தது. அம்மாவும் மாமியும் தகரத்துக்கு மேலால் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக் கதைத்துக்கொண்டார்கள். தேங்காய்ப் பாதி அந்தப் பக்கம் போவது நின்றுபோனது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம். நல்ல மழை. அப்பா புகையிலைக் கன்றுகளுக்குள் தண்ணீர் நிற்கிறதென்று தோட்டத்துக்குப் போயிருந்தார். அம்மான் காலையிலேயே, மழையென்றும் பாராமல், புதிய சாதிப் பொறி வந்திருக்கிறதாம் என்று சுன்னாகத்துக்கு பஸ் ஏறியிருந்தார். நாங்கள் உலைக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தோம். மழைச் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மழை கொஞ்சம் விட்டது. தகரத்தில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது.

அம்மா கையில் இருந்த அரிக்கஞ்சட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

மாமி குடத்தில் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். மழை அதை விழுங்கியிருக்கிறது. யாரும் வராததைக் கண்டு, மழைக்குள்ளே தானாகவே எழும்பிப் பொட்டடிக்கு வந்துவிட்டாள். பழக்கம். அடைத்துக் கிடக்கிறதென்று தெரிந்தும் கால் அங்கேதான் வந்திருக்கிறது. தகரத்தில் முதுகைச் சாய்த்து அப்படியே சேற்றில் இருந்து, கையால் தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் நின்று பார்க்க, அவள் மூச்சுக்கு இழுக்கும்போதெல்லாம் தகரம் அசைந்தது.

"மச்சாள்! நான் வந்திட்டன். மெல்ல விடுங்கோ, அவசரமில்லை, மெல்ல விடுங்கோ" என்று அம்மா தகரத்தில் வாயை வைத்துச் சொன்னாள். சொல்லிக்கொண்டே முள்ளுக்கம்பியை வெறுங்கையால் பிடித்து இழுத்தாள். என்னைப் பார்த்து, "ஓடடி, ஒழுங்கையாலை ஓடு" என்று கத்தினாள். நான் ஓடினேன். ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். படலையில் ஆமைப்பூட்டு. பிடித்து உலுப்பினேன், கல்லால் குத்தினேன், ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினேன். அந்த மழைக்குள் யார் வருவார்? திரும்பி ஓடிவந்தபோது அம்மா கொடுவாக்கத்தியால் கதியாலை வெட்டி, தகரத்தின் ஒரு பக்கத்தை வளைத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் இரத்தம். நானும் சேர்ந்து இழுத்தேன். தகரம் வளைந்தது. அதோடு சேர்ந்து மாமியும் எங்கள் பக்கம் சரிந்து விழுந்தாள்.

அம்மா அவளைத் தூக்கி நிமிர்த்தித் தன் நெஞ்சில் சாய்த்தாள். முதுகைத் தேய்த்தாள். "விடுங்கோ மச்சாள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விடுவதற்கு அவளிடம் மூச்சு இருக்கவில்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் தேய்ப்பதை நிற்பாட்டவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அம்மான் வந்தார். ஒரு கையில் குடை, மற்றக் கையில் சாக்கில் சுற்றிய புதுப் பொறி. தன் வளவுக்குள்ளால் வந்து வேலியடியில் நின்றார். தகரம் வளைந்து கிடந்ததைத்தான் முதலில் கண்டார். கீழே பார்க்கவில்லை.

"ஆர் உந்தத் தகரத்தைக் கழட்டினது?" என்று கேட்டார்.

அம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் சாய்ந்து கிடந்த மாமியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பின்பற்றித்தான் அவர் கண் கீழே வந்தது. பிறகு பொறியை நிலத்தில் வைத்துவிட்டுக் குனிந்து, பொட்டுக்குள்ளால் எங்கள் பக்கம் வந்தார். ஆண்பிள்ளை ஒருவர் அந்தப் பொட்டால் வந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். வந்து, மாமியின் முகத்தில் மழை விழாமல் குடையைப் பிடித்தார். உயிரோடு இருந்த நாளில் அவளுக்கு அவர் குடை பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அந்த நேரத்தில் எனக்கு அந்தக் குடையைப் பிடுங்கி எறியவேண்டும்போல இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வீடு கழுவினார்கள். சாமான் அறையில் இருந்தவற்றையெல்லாம் வெளியே எடுத்தபோது, அப்பாவும் இன்னொருவருமாக அந்த மலாயாப் பெட்டியையும் தூக்கினார்கள். அம்மான் "அதை விடுங்கோ" என்று எழும்பி வருவதற்குள் தூக்கியாயிற்று. சுவர்ப் பக்கம் இருந்த கீழ்மூலையில் ஒரு ஓட்டை தெரிந்தது. பென்சில் போகிற ஓட்டை. அதற்குள்ளிருந்து ஒரு சுண்டெலி குதித்து, எல்லாருடைய காலுக்குள்ளாலும் ஓடியது.

அம்மான் மடியிலிருந்து திறப்பை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். பிள்ளையின் உடுப்புகள் உடுப்புகளாக இல்லை. சவ்வரிசி அளவு துண்டுகளாகக் கிடந்தன. முழுதாக மிஞ்சியது ஒரு சின்னக் கவுண் மட்டும். அதன் கைக்குள்ளே, கண் திறவாத எலிக்குஞ்சுகள் சிவப்பாக நெளிந்தன. அவற்றைச் சுற்றி மெத்தையாக என் தாவணியின் நீலச் சிராய்கள். பெட்டியிலிருந்து புறப்பட்டுக் குசினிக்குப் போய், குசினியிலிருந்து பெட்டிக்குத் திரும்பி, அந்தச் சீவன்கள் ஒரு நாளும் வேலிப் பக்கமே போகவில்லை.

எல்லாரும் அவர் என்ன செய்வாரென்று பார்த்தார்கள். எலிக்குஞ்சைக் கண்டால் தண்ணீர் வாளிக்குள் போடுகிறவர் அவர். அன்றைக்கு அந்தக் கவுணைத் தொட்டார். மூடியை மெல்லச் சாத்தினார். பூட்டவில்லை. கிணற்றடியில் போய்க் குந்தினார். காதில் இருந்த பென்சில் விழுந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

அந்த மாரி முழுக்க வளைந்த தகரம் வளைந்தபடியே கிடந்தது. அம்மா அவருக்குச் சோறு கறி போட்டு என்னிடம் தருவாள்; நான் பொட்டால் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன். அம்மா ஒரு நாளும் போகவில்லை. தமையனோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. சில நாட்களில் அவர் பொட்டடியில் வந்து நிற்பார். எங்கள் வீட்டு அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போவார்.

தை பிறந்தது. ஊரெல்லாம் வேலி அடைக்கிற காலம். அப்பா கிடுகு கட்டுகிற ஆட்களைக் கூட்டிவந்தார். வேலி கட்டிக்கொண்டு வந்தவன் பொட்டடிக்கு வந்ததும், "உதை என்ன செய்யிறது?" என்று கேட்டான்.

"அடையுங்கோ" என்றாள் அம்மா.

"சும்மா இரப்பா. தனிச்ச மனுசன், பாவம்" என்று அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அம்மா கேட்ட மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. அவளுடைய உள்ளங்கையில் முள்ளுக்கம்பி கிழித்த தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டு அம்மான் வந்தார். தன் பக்கத்தில் நின்று பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்தார். ஆள் நன்றாக மெலிந்திருந்தார்.

"தங்கச்சி, பொட்டை அடைக்கிறியோ?"

மாமி செத்ததற்குப் பிறகு அம்மா அவரோடு பேசியது அப்போதுதான். "ஓம் அண்ணை" என்றாள். "எலி வரும்."

அம்மான் ஏதாவது சொல்லுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசட்டும், அழட்டும், கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சட்டும். எதற்கும் நான் ஆயத்தமாகத்தான் நின்றேன். அவர் நிலத்தைப் பார்த்தார். பிறகு பொட்டைப் பார்த்தார், கதியாலைப் பார்த்தார், கிடுகின் அடியைப் பார்த்தார்.

"வெறும் கிடுகு காணாது" என்றார். "அடியிலை தகரம் வைக்கவேணும். ஒரு சாண் மண்ணுக்குள்ளை இறக்கச் சொல்லு. இல்லாட்டிக் கிண்டிக்கொண்டு வந்திடும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அந்த வளைந்த தகரத்தைக் கல்லில் வைத்து அடித்து நிமிர்த்துகிற சத்தம் கேட்டது. நிமிர்த்தியதைக் கொண்டுவந்து, பொட்டுக்குள்ளால் நீட்டினார். அம்மா அதை வாங்கிக் கிடுகு கட்டுகிறவனிடம் கொடுத்தாள்.